கேட்டால் பதில் சொல்லும் பிளேயர்

என் அத்தை எண்பது வயதைக் கடந்த பிறகு, தாம் அறிந்த சமையல் பக்குவங்களையும் குடும்ப விருத்தாந்தங்களையும் நாள்தோறும் மாலையில் ஒரு மணி நேரம் போலச் சொல்லிவர, என் தமையனார் அவற்றை 14 காசெட்டுகளில் பதிவு செய்து வைத்திருந்தார். அத்தையும் போய், தமையனாரும் போன பின்னர், அந்தக் காசெட்டுகளின் ஒலியைக் கம்ப்யூட்டரில் எம்பி3 கோப்புகளாக மாற்றி, சொல் விடாமல் கேட்டுத் தட்டெழுதி, குடும்பத்துக்கு ஒரு புத்தகமாகச் செய்து கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. காதால் கேட்டதைக் கையால் எழுதும் காரியம் பார்வைக்கு எளிதாகத் தோன்றினாலும், செய்து பார்த்தவர்களுக்கே அதன் சிரமம் தெரியும். ஒரு வாக்கியத்தைக் கேட்டு, தட்டெழுத்தை விட்டு மௌஸைத் தேடிப் பிடித்து, பிளேயரின் நிறுத்தும் பட்டனை அழுத்தி, மறுபடியும் எழுதும் பக்கத்துக்கு வருவதற்குள், கேட்ட வாக்கியத்தின் பிற்பாதி மனத்தை விட்டு நழுவிவிடும். சரி, சற்றே பின்னுக்குத் தள்ளிக் கேட்போம் என்று பிளேயரின் நகர்கோலைப் பிடித்தாலோ, 45 நிமிஷம் ஓடும் காசெட்டின் ஒரு பக்கம் முழுவதும் திரையில் சுமார் 250 புள்ளி நீளமுள்ள ஒரு கோட்டுக்குள் அடங்கியிருப்பதால், ஒரே ஒரு புள்ளி நகர்த்தினாலும் பத்து வினாடிக்கு மேல் பின்னே போய்விடும். எனக்கு வேண்டியதோ மூன்று வினாடி.

அந்த மூன்று வினாடி எவ்வளவு பெரிய விஷயமாக இருக்கக்கூடும் என்பதை மூன்றாவது காசெட்டில் உணர்ந்தேன். எலுமிச்சங்காய் ஊறுகாயின் பக்குவத்தைச் சொல்லி வரும்போது, உப்பின் அளவை அத்தை ஒரே முறைதான் சொல்கிறார். அந்த இடத்தில் நாடாவின் இரைச்சல் சொல்லின் முதலெழுத்தை விழுங்கிவிட்டது. அவர் சொன்னது ஆழாக்கா, உழக்கா? ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு, நான்கே உழக்கு. ஒன்றை மற்றொன்றாக எழுதிவிட்டால் உப்பு இரட்டித்துவிடும், அல்லது பாதியாகிவிடும். அத்தையின் பெயரால் அச்சாகும் புத்தகத்தில் அப்படியொரு பிழை இருப்பதை என்னால் பொறுக்க முடியாது.

ஆகவே, எழுதுகிற பக்கத்தை விட்டு நகராமலே, விசைப்பலகையில் ஒரு விசையைத் தட்டினால் பிளேயர் சரியாக மூன்று வினாடி பின்னே போய் மறுபடி பாட வேண்டும் என்று விரும்பினேன். இதற்கு நாமே எழுதிய ஒரு சிறு புரோகிராம், நாம் எழுதாத, வேறு யாரோ உருவாக்கிய பிளேயர் என்னும் மற்றொரு புரோகிராமை வெளியிலிருந்து இயக்க வேண்டும். கம்ப்யூட்டர் உலகத்தில் இது பழமையான, மிகவும் சுவையான ஒரு பிரச்சினை. இதைத் தீர்க்க எத்தனை விதமான வழிகளை எத்தனை பேர் கண்டிருக்கிறார்கள் என்பதை அறிந்துகொண்ட கதையைத்தான் இங்கே சொல்ல முற்படுகிறேன்.

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது போலவே எனக்கும் தோன்றிய வழி, மனிதனைப் போல நடிக்கும் புரோகிராம். திரையில் இந்த இடத்தில் பட்டன் இருக்கிறது, அங்கே மௌஸைக் கொண்டுபோய் அழுத்து என்று கட்டளையிட்டால், புரோகிராம் அப்படியே செய்யும். ஆனால் பிளேயரின் ஜன்னல் இரண்டு விரற்கடை நகர்ந்துவிட்டாலும், வேறொரு ஜன்னல் அதன்மேல் வந்து மறைத்துவிட்டாலும், அழுத்தம் எங்கோ போய் விழும். இதைக் காட்டிலும் பெரிய குறை ஒன்று உண்டு. இவ்வாறு நடிக்கிற புரோகிராம் கட்டளையிட முடியுமேயன்றிக் கேள்வி கேட்க முடியாது. பிளேயர் இப்போது பாடிக்கொண்டிருக்கிறதா, நின்றிருக்கிறதா, எத்தனையாவது வினாடியில் இருக்கிறது என்பது ஒன்றுமே அதற்குத் தெரியாது. பாடிக்கொண்டிருப்பதாக நினைத்து அது அழுத்துகிற பட்டன், நின்றிருந்த பிளேயரைப் பாட வைத்துவிடும். இருட்டில் ஒருவன் சுவரைத் தடவி ஸ்விட்சைத் தட்டுவது போன்றது இது. விளக்கு எரிந்ததா அணைந்ததா என்று அவனுக்குச் சொல்லுவார் யாருமில்லை.

அப்போது நான் உபயோகித்து வந்தது வின்ஆம்ப் என்னும் பிளேயர். ஜஸ்டின் ஃபிராங்கெல், டிமிட்ரி போல்டிரெவ் என்ற இரண்டு இளைஞர்கள் அமெரிக்காவில் 1997-இல் அதை வெளியிட்டார்கள். எம்பி3 என்ற ஒலிவடிவம் உலகமெங்கும் பரவத் தொடங்கிய காலம் அது. ஃபிராங்கெலின் நல்சாஃப்ட் கம்பெனியை 1999-இல் ஏ.ஓ.எல் என்ற பெரிய நிறுவனம் வாங்கியது. பிறகு 2014-இல் வின்ஆம்ப் ரேடியோனமி என்ற வேறொரு நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. கை மாறினாலும் மாறாமல் நிலைத்த ஒரு நற்குணம் அதற்கு இருந்தது. வெளியிலிருந்து வேறொரு புரோகிராம் தன்னோடு பேசுவதற்கென்று ஒரு வாசலைத் திறந்து வைத்து, அந்த வாசலில் எந்த எண்ணைச் சொன்னால் என்ன நடக்கும் என்ற சங்கேதப் பட்டியலையும் அதை ஆக்கியவர்கள் பகிரங்கமாக வெளியிட்டிருந்தார்கள்.

அந்த வாசலின் அமைப்பைப் புரிந்துகொள்ள, விண்டோஸில் ஜன்னல் என்பது எப்படி வேலை செய்கிறது என்பதைச் சற்று அறிய வேண்டும். திரையில் நாம் காணும் ஒவ்வொரு ஜன்னலுக்கும் பின்னால் ஒரு தபால் பெட்டி இருப்பதாகப் பாவித்துக்கொள்ளலாம். மௌஸை அழுத்தினால், விசையைத் தட்டினால், ஜன்னலை மூடினால், ஒவ்வொரு நிகழ்ச்சியும் ஒரு எண்ணாக அந்தப் பெட்டியில் வந்து விழுகிறது; புரோகிராம் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்து அதற்கேற்ப நடக்கிறது. இந்த எண்களுக்குச் செய்தி என்று பெயர். செய்தியைப் போடுகிறவர் மனிதர்தான் என்ற நிர்ப்பந்தம் இல்லை. வேறொரு புரோகிராமும் போடலாம். ஜன்னலுக்கு அதை ஆக்கியவர்கள் இட்ட ஜாதிப்பெயர் ஒன்று உண்டு. வின்ஆம்பின் ஜன்னல் ‘வின்ஆம்ப் வி1.எக்ஸ்’ என்ற பெயருடையது. இரண்டாம் பதிப்பு வந்தும், ஐந்தாம் பதிப்பு வந்தும் அந்தப் பெயரை அவர்கள் மாற்றவேயில்லை. மாற்றியிருந்தால், பழைய பெயரை நம்பி எழுதப்பட்ட புரோகிராம்கள் எல்லாம் ஒரே நாளில் வழிதெரியாமல் நின்றிருக்கும். பின்னாளில் வந்த வேறு சில பிளேயர்கள்கூட, கண்ணுக்குத் தெரியாத ஒரு ஜன்னலை உண்டாக்கி அதற்கு இதே பெயரை வைத்து, வின்ஆம்புக்காக எழுதப்பட்ட புரோகிராம்களுக்குத் தாங்களும் பதில் சொல்லத் தொடங்கின.

பெயரைச் சொல்லி ஜன்னலைக் கண்டுபிடித்த பிறகு காரியம் எளிது. கட்டளைகளுக்கு ஒரு வரிசை எண்கள்: 40045 என்றால் பாடு, 40046 என்றால் இடைநிறுத்து, 40047 என்றால் முற்றிலும் நிறுத்து, 40048 அடுத்த பாட்டு, 40044 முந்தைய பாட்டு. கேள்விகளுக்கு வேறு எண்கள். 104 என்று கேட்டால், பாடிக்கொண்டிருந்தால் 1 என்றும், இடையில் நின்றிருந்தால் 3 என்றும், பாடவேயில்லை என்றால் 0 என்றும் பதில் வரும். 105 என்று கேட்டால், பாட்டு இப்போது எந்த இடத்தில் இருக்கிறது என்பதை ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடிக் கணக்கில் சொல்லும். 106 என்பது, குறித்த இடத்துக்குத் தாவு என்ற கட்டளை. என் மூன்று வினாடி இந்த இரண்டில் அடங்கிவிட்டது: 105-ஐக் கேட்டு, வந்த பதிலிலிருந்து 3000-ஐக் கழித்து, மீதியை 106-உடன் அனுப்ப வேண்டியதுதான். எந்த ஜன்னலில் எழுதிக்கொண்டிருந்தாலும் எஃப்8 விசையைத் தட்டினால் அந்தச் செய்தி முதலில் என் புரோகிராமுக்கு வந்து சேரும்படி ஏற்பாடு செய்துகொள்ள விண்டோஸே வசதி தருகிறது. முப்பது வரிக்குள் எழுதி முடித்து, முதல் முறையாக எஃப்8-ஐத் தட்டியபோது, அத்தை சொன்ன வாக்கியத்தையே மறுபடியும் அப்போதுதான் சொல்வது போலச் சொன்னார். எழுதுகிற கை எழுதுகிற இடத்திலேயே இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நான் மறக்க முடியாது.

எண்களால் ஆகாத காரியம் ஒன்று மட்டும் நெடுநேரம் என்னை யோசிக்க வைத்தது. இப்போது ஓடும் கோப்பின் பெயர் என்ன என்று கேட்டால், வின்ஆம்ப் ஒரு எண்ணைத்தான் தருகிறது. அந்த எண், தன் ஞாபகத்தில் எந்த இடத்தில் அந்தப் பெயர் எழுதப்பட்டிருக்கிறது என்ற விலாசம். ஆனால் விண்டோஸில் ஒவ்வொரு புரோகிராமும் தனித்தனி வீடு. அடுத்த வீட்டில் மூன்றாவது அலமாரியில் இருக்கிறது என்று சொன்னால், என் வீட்டு மூன்றாவது அலமாரியைத் திறந்து பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை. இதற்காக அடுத்த வீட்டு ஞாபகத்துக்குள் எட்டிப் பார்த்துப் படிக்க விண்டோஸிடம் தனி அனுமதி பெற வேண்டும். எதிர்த்திசையில் ஒரு கோப்பின் பெயரை அனுப்பிப் பாடச் சொல்வதற்கோ, சொல்லின் விலாசத்தை அனுப்பாமல் சொல்லையே பிரதியெடுத்து அனுப்பும் வேறொரு வகைச் செய்தியை உபயோகிக்க வேண்டும். பெயரைத் தெரிந்துகொள்ளப் பலர் கையாண்ட சுலபமான உபாயம், ஜன்னலின் தலைப்பில் பிளேயர் தானே எழுதி வைத்திருக்கும் பாட்டின் பெயரைப் படித்துக்கொள்வது. நானும் அதையே செய்தேன்.

இன்னொரு நுட்பம். செய்தியைப் போட்டுவிட்டுப் போவதும் உண்டு, பதில் வரும் வரையில் வாசலிலேயே நிற்பதும் உண்டு. கேள்வி கேட்டால் நிற்காமல் தீராது. ஆனால் பிளேயர் ஏதோ காரணத்தால் ஸ்தம்பித்துப் போயிருந்தால், வாசலில் நின்ற புரோகிராமும் அதனுடன் சேர்ந்து ஸ்தம்பித்துவிடும். இத்தனை நேரம்தான் நிற்பேன் என்று முன்கூட்டியே வரையறுத்துக் கேட்கும் முறை இதற்கென்றே இருக்கிறது. அதை அறியாமல் எழுதப்படும் புரோகிராம்கள்தாம் காரணம் தெரியாமல் அடிக்கடி உறைந்து நிற்கின்றன.

வெளியிலிருந்து பேச வாசல் திறந்து வைக்கும் இந்த எண்ணம் வின்ஆம்புடன் பிறந்ததன்று. அமிகா என்ற கம்ப்யூட்டரில், ஏரெக்ஸ் என்ற மொழியை 1987-இல் வில்லியம் ஹாஸ் என்பவர் கொண்டுவந்தார். அந்தக் கம்ப்யூட்டரின் பல புரோகிராம்கள் ஒவ்வொன்றும் ஒரு வாசலை வைத்துக்கொண்டு, ஏரெக்ஸில் எழுதிய கட்டளைகளை ஏற்று நடந்தன. ஆப்பிள் கம்பெனி 1993-இல் ஆப்பிள்ஸ்கிரிப்ட் என்ற மொழியை வெளியிட்டபோது, எண்களை விட்டு ஏறக்குறைய ஆங்கில வாக்கியம் போலவே கட்டளையிடும் பாணியைக் கைக்கொண்டது. 2001-இல் வந்த ஐட்யூன்ஸ் பிளேயரையும் அவ்வாறே வாக்கியங்களால் இயக்க முடிந்தது. அதன் விண்டோஸ் பதிப்பில், அதே காரியங்களை மைக்ரோசாஃப்டின் காம் என்ற ஏற்பாட்டின் மூலம் செய்யலாம். பிரான்ஸில் எகோல் சென்ட்ரால் பாரிஸ் என்ற கல்லூரியின் மாணவர்கள் 1996-இல் ஆரம்பித்த முயற்சியிலிருந்து வளர்ந்த வி.எல்.சி பிளேயர், வேண்டுமானால் தனக்குள்ளேயே ஒரு சிறு வெப் சர்வரை நடத்துகிறது. அதனால் அதே வீட்டிலுள்ள வேறொரு கம்ப்யூட்டரிலிருந்தும் பிரவுசரின் மூலமே அதற்குக் கட்டளையிடலாம். எம்பிவி என்ற பிளேயரில், ஒரு வரி எழுதி அனுப்பினால் ஒரு வரி பதிலாக வரும். எழுத்தறிந்த எந்தப் புரோகிராமும் அதனோடு சம்பாஷிக்கலாம். என் மனத்துக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு எம்பிவியினுடையதே.

லினக்ஸ் உலகத்தில் இதற்கும் ஒரு படி மேலே போனார்கள். ஒவ்வொரு பிளேயருக்கும் ஒவ்வொரு பரிபாஷை என்றால், ஒன்றுக்காக எழுதிய புரோகிராம் மற்றொன்றுக்கு உதவாது அல்லவா? ஆதலால் எம்பிரிஸ் என்ற பெயரில் எல்லாப் பிளேயர்களுக்கும் பொதுவான ஒரு பரிபாஷையை வகுத்து, டி-பஸ் என்ற பொதுத் தபால் முறையில் அதை வழங்கினார்கள். பாடு, நிறுத்து, அடுத்தது, இவ்வளவு தூரம் தாவு என்பவை எந்தப் பிளேயரிடமும் ஒரே மாதிரியாகச் சொல்லப்படுகின்றன. லினக்ஸில் இன்று விசைப்பலகையின் மேல்வரிசையில் உள்ள பாட்டு விசைகள் எந்தப் பிளேயர் திறந்திருந்தாலும் வேலை செய்வது பெரும்பாலும் இதனால்தான்.

இந்த எம்பிரிஸினால்தான் என் காரியத்தில் ஒரு பெரும் தடங்கல் நேர்ந்தது. பிழை முழுவதும் என்னுடையது. பழைய கம்ப்யூட்டர் பழுதாகிப்போய் லினக்ஸுக்கு மாறியபோது, என் சிறு புரோகிராமை எம்பிரிஸுக்கு ஏற்றபடி மாற்றி எழுதினேன். எஃப்8-ஐத் தட்டினால் பிளேயர் பாடிக்கொண்டே இருந்தது, பின்னே போகவில்லை. கட்டளை போய்ச் சேருகிறதா என்று பார்த்தேன், சேருகிறது. பிளேயர் ஏற்கிறதா என்று பார்த்தேன், ஏற்கிறது. இரண்டு நாள் மாலைகள் இவ்வாறு வீணாயின. பிறகுதான் எம்பிரிஸின் விதிகளை முதலிலிருந்து நிதானமாகப் படித்தேன். அங்கே காலத்தின் அளவு ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடி அன்று. பத்து லட்சத்தில் ஒரு பங்கு வினாடி. வின்ஆம்புக்கு எழுதிய 3000-ஐ அப்படியே விட்டிருந்தேன். பிளேயர் என் கட்டளைக்கு ஒவ்வொரு முறையும் ஒழுங்காகக் கீழ்ப்படிந்து, ஒரு வினாடியின் ஆயிரத்தில் மூன்று பங்கு பின்னே போயிருக்கிறது. எந்தக் காதுக்கும் அது எட்டாது. மூன்று சூன்யங்களைச் சேர்த்து 30,00,000 என்று எழுதியதும் சரியாயிற்று.

ஆழாக்கையும் உழக்கையும் பிரித்தறிய முடியாமல் தவித்தவன், அளவு பேதத்தில் நானே விழுந்ததை நினைத்து வருந்தினேன். பேச்சு புரிந்துவிட்டாலும் அளவு ஒத்துப்போக வேண்டும் என்பது பிளேயர்களிடத்தில் மிகவும் அவசியமான விஷயம். வின்ஆம்ப் ஒரே கேள்வியின் இரண்டு வடிவங்களில், பாடிய இடத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடியிலும் பாட்டின் முழு நீளத்தை முழு வினாடியிலும் சொல்லுகிறது. எம்பிவி எல்லாவற்றையும் வினாடியிலேயே, தசமப் புள்ளியுடன் சொல்லும். ஒலியின் அளவும் அப்படியே: வின்ஆம்பில் 0 முதல் 255 வரை, ஐட்யூன்ஸில் 100 வரை, வி.எல்.சியின் வெப் வாசலில் 256 என்பதுதான் நூற்றுக்கு நூறு. எம்பிரிஸில் 1 என்பதே முழு அளவு. எம்பிரிஸ் பழகியவர் வின்ஆம்பிடம் 1 என்று சொன்னால் ஒன்றும் கேட்காது.

கேள்வி கேட்பதைப் பற்றி இன்னும் ஒன்று. நொடிக்கொரு தரம் வாசலுக்குப் போய் என்ன நிலைமை என்று விசாரிப்பது பழைய முறை. நிலைமை மாறும்போது நீயே எனக்குச் சொல்லியனுப்பு என்று ஒரு முறை சொல்லி வைப்பது புதிய முறை. எம்பிவியும் எம்பிரிஸும் இரண்டாவதை அனுமதிக்கின்றன. ஆனால் பாட்டு ஓடும் இடத்தை மட்டும் எம்பிரிஸ் அவ்வாறு அறிவிப்பதில்லை. இடம் என்பது ஒவ்வொரு கணமும் மாறிக்கொண்டே இருப்பது; அதைச் சொல்லிக்கொண்டே இருந்தால் தபால் முறையே திணறிப்போகும். இன்ன வேகத்தில் ஓடுகிறது என்று தெரிந்தவர் கணக்கிட்டுக்கொள்ளட்டும், திடீரென்று தாவினால் மட்டும் சொல்லுகிறோம் என்று விதித்தார்கள். மிகவும் ஆலோசித்துச் செய்யப்பட்ட விதி இது.

இத்தகைய வாசல்களால் என் போன்றவர்களுக்கு ஏற்பட்ட சௌகரியம் சிறிது. கண்பார்வை இல்லாதவர்களுக்கு ஏற்பட்டது மிகப் பெரிது. என்.வி.டி.ஏ என்பது, திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் இலவசப் புரோகிராம். ஆஸ்திரேலியாவில் 2006-இல் மைக்கேல் கரன் ஆரம்பிக்க, ஜேம்ஸ் டே அவருடன் சேர்ந்து வளர்த்தார். இருவருமே கண்பார்வை இல்லாதவர்கள். வின்ஆம்பில் எஸ் என்ற விசையைத் தட்டினால் பாட்டுகளை வரிசை கலைத்துப் பாடும் நிலைமை மாறும். மறுபடி தட்டினால் பழைய நிலைமைக்கு வரும். பார்வை உள்ளவருக்கு ஜன்னலில் ஒரு சின்னம் நிறம் மாறுவதால் அது தெரிகிறது. பார்வை இல்லாதவர் என்ன செய்வார்? எஸ் விசை தட்டப்பட்டதும் என்.வி.டி.ஏ அதை வின்ஆம்புக்குப் போக விட்டு, உடனே நான் மேலே சொன்ன அதே வாசலுக்குப் போய் 250 என்று கேட்கிறது. வரிசை கலைந்திருக்கிறதா இல்லையா என்ற பதில் வருகிறது. அதைக் குரலில் சொல்லிவிடுகிறது. திரும்பத் திரும்பப் பாடும் நிலைமைக்கு 251. வாசலை அமைத்தவர்களின் மனத்தில் பார்வையற்றவர்களைப் பற்றிய சிந்தனை இருந்ததா என்று நான் அறியேன். ஆனால் பிளேயர் கட்டளைக்குக் கீழ்ப்படிவதோடு நின்றுவிடாமல் கேட்டதற்கு உண்மையான பதிலும் சொல்லும்படி அவர்கள் அமைத்திருந்ததால்தான், தட்டிய விசை பலித்ததா இல்லையா என்பதைத் தாமே அறிந்துகொள்ளும் சுதந்திரம் வேறொரு கண்டத்தில் இருந்த அந்த இருவருக்கும், அவர்களால் இன்னும் எத்தனையோ பேருக்கும் கிடைத்தது. கட்டளையை ஏற்பதினும் கேள்விக்குப் பதில் சொல்வதே ஒரு புரோகிராமின் மேலான குணம் என்று நான் கருதுவதற்கு இதுவே பெரிய காரணம்.

திறந்த வாசலில் வேண்டாதவர்களும் நுழையலாம் என்பதையும் சொல்லாமல் விட முடியாது. எம்பிவியின் வாசலில் காவல் ஏதும் இல்லை. அதை அணுகக்கூடியவர், பாட்டை நிறுத்துவதோடு நில்லாமல் அந்தக் கம்ப்யூட்டரில் வேறு எந்தப் புரோகிராமையும் ஓட வைக்க முடியும். ஆகவே தம்முடைய உபயோகத்துக்கென்று, தாம் மட்டுமே தொடக்கூடிய இடத்தில் அதைத் திறக்க வேண்டும். வி.எல்.சி தன் வெப் வாசலுக்குக் கடவுச்சொல் வைக்காமல் திறப்பதில்லை. 2007-இல் பொதுமக்களுக்கு வந்த விண்டோஸ் விஸ்டா முதற்கொண்டு, சாதாரண அதிகாரத்தில் ஓடும் புரோகிராம் உயர்ந்த அதிகாரத்தில் ஓடும் புரோகிராமின் ஜன்னலுக்குப் பெரும்பாலான செய்திகளை அனுப்ப முடியாதபடி தடுக்கப்பட்டது. 2018-இல் வந்த மேக் ஓ.எஸ் மொஹாவியில், ஒரு புரோகிராம் மற்றொன்றை இயக்க முதல் முறை முயலும்போது, உரிமையாளரிடம் சம்மதம் கேட்கும் கேள்வி திரையில் தோன்றும். இவை சிலருக்குத் தொந்தரவாகத் தோன்றலாம். எனக்கு நியாயமாகவே தோன்றுகிறது.

மூன்றாவது காசெட்டின் ஊறுகாய்ப் பக்குவத்துக்கு, எல்லா ஏற்பாடும் முடிந்த பிறகு, கடைசியில் எம்பிவியைக் கொண்டு திரும்பி வந்தேன். எஃப்8 மூன்று வினாடி பின்னே போக. எஃப்9 வேகத்தை முக்கால் பங்காகக் குறைக்க. எம்பிவியில் வேகம் குறைந்தாலும் குரல் தடித்துப் போவதில்லை. அத்தையின் குரல் அத்தையின் குரலாகவே இருந்தது, நிதானமாகப் பேசுகிறார் என்று மட்டும் தோன்றியது. எஃப்8-ஐ ஏழெட்டு முறை தட்டியிருப்பேன். இரைச்சலுக்கு அடியில் முதலெழுத்து கிடைக்கவில்லை. ஆனால் ழகரத்துக்குப் பின்னால் குரல் சற்றே நீண்டு நின்றது. உழக்கு என்பதில் அந்த நீட்சி கிடையாது. ஆழாக்கு என்று எழுதிவிட்டு, அடுத்த வாக்கியத்துக்கு எம்பிவியை ஓட விட்டேன்; எலுமிச்சங்காயை எப்படி நறுக்க வேண்டும் என்று அத்தை சொல்லத் தொடங்கினார்.